மிருகத்தைப் பார்க்காதே, அதுக்குப் பின்னாடி என்ன இருக்குன்னு பாரு



மாசி மாசம் வந்துட்டா மல்லாட்டை போட்டவங்க வாயில ஒரே பேச்சுதான். "கையில ஒரு துப்பாக்கி மட்டும் இருந்துச்சின்னா…" டீக்கடையிலயும் இதே பேச்சு, உரக்கடையிலயும் இதே பேச்சு. காய் பிடிக்கிற நேரம் பார்த்து காட்டுப்பன்னி கொல்லையில இறங்குது. மூக்கால உழுது தள்ளிட்டுப் போயிடுது. போன மாசியில எங்க வீட்டம்மா வழியில வந்த செஞ்சி பக்கத்துக் கொல்லையில, ஒரு காணியில பாதிக்கு மேல ரெண்டே ராத்திரியில போச்சு. காலையில போய் நின்னா டிராக்டர் ஓட்டின மாதிரி இருக்குது. காய் எல்லாம் தின்னாச்சு, கொடி மட்டும் வாடிக் கிடக்குது.

அந்த நேரத்துல எனக்கு நிஜமாவே ஒரு துப்பாக்கி வர்ற மாதிரி இருந்தது. சும்மா பேச்சு இல்லைங்க, லைசென்ஸ் உள்ள துப்பாக்கி. அதை வாங்கிக்கலாமா வேணாமான்னு ஒரு வருஷமா யோசிச்சதைத்தான் இன்னைக்கு எழுதறேன். துப்பாக்கி, தோட்டா பத்தி நான் தெரிஞ்சுகிட்டதையும் சேர்த்து எழுதறேன். நம்ம பக்கத்துல இதைப் பத்தி ஆளாளுக்கு ஒண்ணு சொல்றாங்க, பாதி தப்பா இருக்குது.

துப்பாக்கி என் தாய்மாமனோடது. புதுச்சேரி முத்தியால்பேட்டையில இருக்காரு. எண்பத்தஞ்சு தாண்டிடுச்சு. பிரெஞ்சு ராணுவத்துல இருந்தவரு, எங்க ஊர்ப் பக்கம் "சொல்தா"ன்னு சொல்வாங்க. அல்ஜீரியா சண்டையில இருந்துட்டு, பிரான்ஸ்லயே வேலை முடிச்சு, பென்ஷனோட ஊருக்குத் திரும்பினவரு. நவம்பர் 11ஆம் தேதி கடற்கரையில பிரெஞ்சு போர் நினைவுச் சின்னத்துக்கிட்ட மாலை வைக்கும்போது, மெடல் எல்லாம் குத்திக்கிட்டு இன்னும் போயிடுவாரு. துப்பாக்கி அவங்க அப்பா பிரெஞ்சுக்காரன் காலத்துல வாங்கினது. இரட்டைக் குழல், பிரான்ஸ்ல சேந்த் எத்தியேன் ஊர்ல செஞ்சது. 16 போர். 1962ல புதுச்சேரி சட்டப்படி இந்தியாவோட சேர்ந்த பிறகு அதுக்கு நம்ம லைசென்ஸ் எடுத்து, விடாம புதுப்பிச்சு வச்சிருக்காரு. எலெக்ஷன் வந்தா போலீஸ் ஸ்டேஷன்ல கொண்டு போய் வைப்பாரு, முடிஞ்சதும் வாங்கிட்டு வருவாரு. அதைச் சுட்டு நான் பார்த்தது இல்ல. எண்ணெய் போட்டுத் துடைக்கிறதைத்தான் பார்த்திருக்கேன்.

இந்தப் பொங்கலுக்கு அவர் பையன், எனக்கு மச்சான், பிரான்ஸ்லேர்ந்து லீவுல வந்திருந்தான். தெற்கு பிரான்ஸ்ல இருக்கான். அங்க வேட்டைக்கு லைசென்ஸ் வாங்கி, ஞாயித்துக்கிழமை ஆனா கூட்டாளிங்களோட காட்டுப்பன்னி வேட்டைக்குப் போறவன். அங்க அது சட்டப்படி சரி. இவனுங்க கூட்டமா அடுத்த வருஷம் அமெரிக்காவுல கொலராடோவுக்கு "எல்க்" வேட்டைக்குப் போறதா திட்டம். எந்த ரைஃபிள் எடுக்கிறது, எந்தத் தோட்டா எடுக்கிறதுன்னு அப்பாகிட்ட கேட்டான். அன்னைக்கு சாயங்காலம் திண்ணையில ஆரம்பிச்ச பேச்சு ராத்திரி பத்து மணி வரைக்கும் போச்சு. நான் ஓரமா உட்கார்ந்து கேட்டுக்கிட்டு இருந்தேன். அந்தப் பேச்சுதான் எனக்கும் வழி காட்டுச்சு.

முதல்ல எல்க்னா என்னன்னு சொல்லிடறேன், ஏன்னா எனக்கே குழப்பமா இருந்தது. ஐரோப்பாவுல எல்க்னு சொன்னா வாய் நீண்டு, கொம்பு முறம் மாதிரி அகலமா இருக்கிற பெரிய மான். அதையே அமெரிக்காவுல மூஸ்னு சொல்றாங்க. அமெரிக்காக்காரன் எல்க்னு சொல்றது வேற மான், அதுக்கு வாபிட்டின்னும் பேரு. ஆண் மான் முந்நூறு கிலோவுக்கு மேல நிக்கும். அந்தக் காலத்துல இலங்கையில இருந்த வெள்ளைக்காரன் நம்ம கடமானையும் எல்க்னுதான் எழுதி வச்சிருக்கான். சாமுவேல் பேக்கர்னு ஒருத்தர் 1848லேர்ந்து ஏழெட்டு வருஷம் நுவரெலியாவுல இருந்து வேட்டையாடி, அதை ஒரு புத்தகமாவே போட்டாரு. அவர் கடமானைத் துரத்துனது பெரும்பாலும் வேட்டை நாயை விட்டுத்தான். நாய் மடக்கினதும் கிட்டப் போய் கத்தியால குத்திடுவாராம். துப்பாக்கி யானைக்கும் எருமைக்கும்தான்.

நம்ம நீலகிரியிலயும் வெள்ளைக்காரன் கடமானைச் சுட்டுத் தள்ளி, மிருகம் குறைஞ்சு போகவே, 1879லயே வேட்டைக்கு ஒரு சட்டம் போட வேண்டி வந்தது. அதுக்கப்புறம் 1972ல வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 1991 திருத்தத்தோட பொழுதுபோக்கு வேட்டைக்கு இந்தியாவுல முழுசா கதவு சாத்தியாச்சு. ஆகவே நம்ம ஊர்ல கடமானுக்கு எந்தத் தோட்டான்னு யாராவது கேட்டா, எதுவும் கிடையாதுங்கிறதுதான் பதில்.

சரி, மச்சான் கேள்விக்கு வருவோம். அவன் போன்ல ஒரு பட்டியலே வச்சிருந்தான். .270, .308, .30-06, 7 மில்லி ரெமிங்டன் மேக்னம், .300 வின்செஸ்டர் மேக்னம், இப்போ எல்லாரும் பேசற 6.5 கிரீட்மூர். மாமா அதுல ஒண்ணு ரெண்டைத்தான் கேள்விப்பட்டிருந்தாரு. ஆனா அவர் கேட்ட கேள்வி எல்லாம் சரியான கேள்வி.

"எவ்ளோ தூரத்துல சுடுவ?"

"ஊர்ல பன்னி அம்பது மீட்டர், எண்பது மீட்டர்ப்பா. அங்க மலைச்சரிவு. இருநூறு, முந்நூறு மீட்டர் ஆகும்னு சொல்றாங்க."

"முந்நூறு மீட்டர்ல நீ அடிச்சிருக்கியா?"

மச்சான் பதில் சொல்லல.

அப்புறம் கணக்கைச் சொன்னான். கொலராடோவுல எல்க் சுடறதுக்கு ரைஃபிள் .24க்குக் குறையக் கூடாதாம். குண்டு 85 கிரெயினுக்குக் குறையக் கூடாது. 100 கெஜத்துல 1000 அடி-பவுண்டு சக்தியாவது இருக்கணும். கிரெயின்னா என்னன்னு கேட்டேன். குண்டோட எடைக்கு வெள்ளைக்காரன் வச்ச அளவு. பதினஞ்சரை கிரெயின் கிட்டத்தட்ட ஒரு கிராம். அப்போ 85 கிரெயின் அஞ்சரை கிராம். எல்க்குக்குப் பொதுவா போடுற 180 கிரெயின் குண்டு பன்னெண்டு கிராமுக்குக் கொஞ்சம் குறைவு. நம்ம வீட்டம்மா ஒன்றரைப் பவுன் சங்கிலி எடை. அவ்வளவு சின்ன ஈயம் முந்நூறு கிலோ மிருகத்தைச் சாய்க்குது. .30-06ல அந்தக் குண்டு குழலை விட்டுக் கிளம்பும்போது வினாடிக்கு 2700 அடி வேகம், கிட்டத்தட்ட 820 மீட்டர்.

இன்னொண்ணு சொன்னான், அதுதான் எனக்குப் புதுசு. குண்டு மிருகத்து உடம்புல பட்டதும் பூ மாதிரி விரியணும். விரியாத குண்டு சட்டப்படியே கூடாது. மாமா சிரிச்சாரு. "எங்களுக்கு அது நேர்மாறுடா. பட்டாளத்துல விரியற குண்டு போட்டா குற்றம்." அது நிஜம்தான். கல்கத்தா பக்கத்துல டம்டம்ங்கிற ஊர்ல இருந்த ஆயுதச் சாலையிலதான் இங்கிலீஷ்காரன் அந்த மாதிரிக் குண்டு செஞ்சான். அதனாலதான் டம்டம் குண்டுன்னு பேரு. 1899ல ஹேக் நகரத்துல கூடிப் பேசி, சண்டையில அதைப் போடக் கூடாதுன்னு அறிவிச்சாங்க. ஏன் இந்த வித்தியாசம்னு கேட்டா, பட்டாளத்துக்கு எதிராளி சண்டைக்கு உதவாம போனா போதும். வேட்டையில மிருகம் அங்கயே விழுந்து, சீக்கிரம் உயிர் போகணும். விரியாத குண்டு ஊசி மாதிரி ஓட்டை போட்டுட்டு அந்தப் பக்கம் போயிடும். மிருகம் ரெண்டு நாள் அலைஞ்சு சாகும். போன குண்டு எங்க போய் நிக்கும்னும் தெரியாது.

மச்சானுக்கு .300 மேக்னம் மேல ஆசை. வேகம் அதிகம், தூரம் அதிகம். மாமா வேணாம்னுட்டாரு. "தோள்ல உதைக்கிற துப்பாக்கிக்கு உடம்பு முன்கூட்டியே பயப்படும். விசையை இழுக்கும்போது கண்ணை மூடிக்குவ. கண்ணை மூடினவன் குண்டு எங்க போகும்னு கடவுளுக்குத்தான் தெரியும்." உன்கிட்ட ஏற்கெனவே இருக்கிற ரைஃபிள் என்னன்னு கேட்டாரு. 7x64. பிரான்ஸ்ல ரொம்பப் பேர்கிட்ட இருக்கிறது அதுதானாம். ஏன்னா, 2013 வரைக்கும் அங்க பட்டாளத்துத் தோட்டா போடுற ரைஃபிளை வேட்டைக்காரங்க சுலபமா வச்சுக்க முடியாது. அதனால பட்டாளத்துல இல்லாத அளவாப் பார்த்து வாங்கினாங்க.

இதைக் கேட்டதும் எனக்கு நம்ம ஊர் ஞாபகம் வந்தது. இந்தியாவுலயும் அதே கதைதான். .303, 7.62 மில்லி எல்லாம் பட்டாளத்துத் தோட்டா, அதனால தடை செஞ்ச போர். அமெரிக்காவுல சாதாரணமா கடையில விக்கிற .308, இங்க 7.62 கணக்குல வந்துடும். அதனாலதான் நம்ம அரசாங்கத் தொழிற்சாலை .315ன்னு தனியா ஒரு அளவு ரைஃபிள் செஞ்சு விக்குது. உலகம் பூரா மிருகத்துக்கு ஏத்த துப்பாக்கியை மனுஷன் தேடுறான். எது கையில கிடைக்கும்கிறதை அரசாங்கம்தான் முடிவு பண்ணுது.

கடைசியில மாமா சொன்ன யோசனை சுருக்கமானது. ".30-06 எடு. நூத்தி எண்பது கிரெயின் போடு. ஏரோப்ளேன்ல உன் தோட்டாப் பெட்டி காணாம போச்சுன்னா, அந்த ஊர்ப் பெட்டிக்கடையில கூட அது கிடைக்கும். 7x64 அங்க கிடைக்குமா? இப்போலேர்ந்து ஒரு வருஷம் இருநூறு மீட்டர்ல சுட்டுப் பழகு. பழகின தூரத்துக்கு மேல மான் நின்னா சுடாத, பார்த்துட்டு வா." இதைச் சொல்லிட்டு இன்னொண்ணும் சொன்னாரு. அதைத்தான் தலைப்பா போட்டிருக்கேன். "மிருகத்தைப் பார்த்துத் துப்பாக்கி எடுக்காத. மிருகத்துக்குப் பின்னாடி என்ன இருக்குன்னு பார்த்து எடு."

மச்சான் அதை ஒத்துக்கிட்டான். அவங்க வேட்டையிலயும் அதுதான் முதல் பாடமாம். ரைஃபிள் குண்டு நாலு கிலோமீட்டருக்கு மேலயும் போகும். அதனால தரையில நின்னு நேரா சுடாம, உயரமா மேடை போட்டு ஏறி நின்னு, கீழ்நோக்கிச் சுடறாங்க. தப்பினாலும் குண்டு மண்ணுல புதைஞ்சுடும். பக்கத்துல நிக்கிற கூட்டாளி பக்கம் 30 டிகிரிக்குள்ள குழலைத் திருப்பக் கூடாது. எல்லாரும் ஆரஞ்சுச் சட்டை போடணும். இவ்வளவு இருந்தும் வருஷா வருஷம் ஆளு மேல பட்டுச்சுன்னு செய்தி வருதுன்னான்.

அந்தப் பேச்சு முடியும்போதுதான் மாமா என் பக்கம் திரும்பினாரு. "மாப்ள, இவன் பிரான்ஸ்ல இருக்கிறவன். எம் பேரப் பசங்களுக்குத் தமிழே ஒழுங்கா வரல. நான் போன பிறகு இந்தத் துப்பாக்கிக்கு யாரு இருக்கா? உனக்குத்தான் பன்னித் தொல்லை இருக்குதே, நீ எடுத்துக்க."

இது நடக்கக் கூடியதுதான். 2016 ஆயுத விதிகள்ல, லைசென்ஸ்காரர் 70 வயசு தாண்டிட்டாலோ, 25 வருஷம் துப்பாக்கி வச்சிருந்தாலோ, அவர் உயிரோட இருக்கும்போதே வாரிசு பேருக்கு லைசென்ஸ் கேட்கலாம்னு இருக்குது. நான் தங்கச்சி பையன், நேர் வாரிசு கணக்குல வர மாட்டேன். ஆனா நான் தனியா என் பேருக்கு மனு போட்டு, லைசென்ஸ் கிடைச்சா அவர்கிட்டேர்ந்து வாங்கிக்கலாம். ஆயுதச் சட்டத்துலயே விவசாயிக்குன்னு ஒரு இடம் இருக்குதுங்க. 20 அங்குலத்துக்குக் குறையாத குழல் உள்ள, உள்ளே வரி இல்லாத சாதாத் துப்பாக்கியைப் பாதுகாப்புக்குக் கேட்கலாம். பயிர்ப் பாதுகாப்புக்குன்னா வாய்வழி மருந்து இடிக்கிற துப்பாக்கி. லைசென்ஸ்ல எஸ்.பி.எம்.எல்.னு போட்டிருக்குமே, அதுதான்.

மாமா கேட்டதும் அன்னைக்கே பதில் சொல்லல. வீட்டுக்கு வந்து நோட்டுல எழுதிப் பார்த்தேன்.

முதல் கணக்கு, துப்பாக்கி. 12 போர்னா என்ன தெரியுமா? குழல் வாய்க்குச் சரியா இருக்கிற ஈயக் குண்டு பன்னெண்டு சேர்ந்தா ஒரு பவுண்டு எடை. 16 போர்னா பதினாறு குண்டு. எண்ணு ஏறினா வாய் சிறுசு. 12 போர் வாய் 18.5 மில்லி, 16 போர் 16.8 மில்லி. நம்ம நாட்டுல கடையில சுலபமா கிடைக்கிறது 12 போர் தோட்டா. 16க்குத் தேடி அலையணும். அதுவும் அந்தக் காலத்துத் துப்பாக்கியில தோட்டா உட்காருற அறை 65 மில்லி நீளம். இப்போ வர்ற தோட்டா பல 70 மில்லி. உள்ள போகும், மூடவும் மூடும். ஆனா வெடிக்கும்போது வாய் விரிய இடம் இல்லாம அழுத்தம் ஏறும். பழைய துப்பாக்கி வீட்டுல வச்சிருக்கிறவங்க யாராவது இருந்தா இதை முக்கியமா கவனிங்க.

ரெண்டாவது கணக்கு, தோட்டா. ரவை பல அளவு. ஆறாம் நம்பர் கொக்கு குருவிக்கு. பன்னிக்குன்னா எல்.ஜி., எஸ்.ஜி.ன்னு பெரிய ரவை. பழைய இங்கிலீஷ் கணக்குல எல்.ஜி. ஒரு அவுன்ஸுக்கு ஆறு, எஸ்.ஜி. எட்டு. முப்பது முப்பத்தஞ்சு மீட்டர் வரைக்கும்தான் அது ஒண்ணா போய் அடிக்கும். அதுக்கு மேல சிதறும். ஆறு குண்டுல ரெண்டு பன்னி மேல பட்டா, மீதி நாலு எங்க? ஆண் பன்னிக்குத் தோள்ல தோல் தடிச்சு கேடயம் மாதிரி இருக்கும். அரைகுறையா பட்டா காயத்தோட ஓடும். காயம்பட்ட பன்னி காலையில புல்லறுக்க வர்ற பொம்பளைங்க மேலதான் பாயும். பிரான்ஸ்ல பன்னிக்கும் பெரிய மானுக்கும் இந்தப் பெரிய ரவையைப் பொதுவா தடை பண்ணிட்டாங்க, ஒத்தைக் குண்டுதான்னு மச்சான் சொன்னது இதுக்காகத்தான்.

மூணாவது, மாமா சொன்ன கணக்கு. என் கொல்லையில பன்னிக்குப் பின்னாடி என்ன இருக்குது? கிழக்கால பக்கத்துக் கொல்லைக்காரர் பரண். அவரும் ராத்திரி காவலுக்கு அங்கதான் படுக்கிறாரு. வடக்கால ஆட்டுப்பட்டி, கிடை போட்டு ஆளு தூங்கும். தெற்கால ரோடு. மேற்கால மட்டும்தான் ஆளு இல்ல, அங்க பாறை. செஞ்சிப் பக்கம் வந்தவங்களுக்குத் தெரியும், ஊரே பாறைதான். பாறையில பட்ட ஈயம் எந்தப் பக்கம் தெறிக்கும்னு சொல்ல முடியாது. கொலராடோ மலைச்சரிவுல குண்டை வாங்கிக்க ஒரு மலையே நிக்குது. என் ஒரு காணியில, அதுவும் இருட்டுல, குண்டை வாங்கிக்க மனுஷன்தான் இருக்கான்.

நாலாவது, சட்டம். துப்பாக்கி லைசென்ஸ் வேற, பன்னி சுடற அனுமதி வேற. இதை நம்மள்ள பாதிப் பேர் ஒண்ணுன்னு நினைக்கிறாங்க. துப்பாக்கிக்கு கலெக்டர் லைசென்ஸ் தரலாம். ஆனா காட்டுப்பன்னி வனவிலங்குச் சட்டத்துக்குள்ள இருக்குது. பயிரை அழிக்குதுன்னாலும் வனத்துறை எழுத்து மூலமா அனுமதி தந்தாத்தான் சுட முடியும். பக்கத்துக் கேரளாவுல 2022லேர்ந்து பஞ்சாயத்துத் தலைவருக்கே உத்தரவு போடுற அதிகாரம் குடுத்திருக்காங்க. தமிழ்நாட்டுல 2025 ஜனவரியில வந்த முடிவு வேற மாதிரி. காப்புக்காட்டுலேர்ந்து ஒரு கிலோமீட்டருக்குள்ள சுடவும் கூடாது, பிடிக்கவும் கூடாது. ஒண்ணுலேர்ந்து மூணு கிலோமீட்டர் வரைக்கும் கூண்டு வச்சுப் பிடிக்கலாம். மூணுக்கு மேல போனாத்தான் சுடலாம், அதையும் வனத்துறை ஆளுங்கதான் செய்வாங்க. என் கொல்லை காப்புக்காட்டுலேர்ந்து ரெண்டு கிலோமீட்டர். ஆக மாமா துப்பாக்கி என் கையில இருந்தாலும், பன்னியைப் பார்த்து அதைத் தூக்கவே முடியாது. வானத்தைப் பார்த்துச் சுட்டு விரட்டலாமேன்னு ஒருத்தர் சொன்னாரு. அதுக்கு ஒரு பட்டாசு போதுங்க.

அதுக்காக கள்ளத் துப்பாக்கி, அவுட்டுக்காய், கரண்டு கம்பின்னு போறவங்களுக்கும் ஒரு வார்த்தை. அவுட்டுக்காய்ங்கிறது தீனிக்குள்ள வெடிமருந்து வச்சுப் போடுறது. பன்னி கடிச்சா வாய் சிதறும். மாடு கடிச்சாலும் அதேதான், மேற்கு மலைப் பக்கம் யானைக்குட்டி கூட வாய் கிழிஞ்சு பட்டினியில செத்திருக்குது. வீட்டுக் கரண்டை நேரா கம்பியில விடறது அதை விட மோசம். எங்க கொல்லைக்கு நாலு ஊர் தள்ளி, பன்னிக்குப் போட்ட கம்பியில விடியக்காலை தண்ணி பாய்ச்சப் போன ஆளு மாட்டிக்கிட்டாரு. கம்பி போட்டது அவரோட சொந்த அண்ணன். அந்தச் சாவு வீட்டுல நான் உட்கார்ந்திருந்தேன். அழறதுக்குக் கூட அந்த அண்ணனுக்கு வாய் வரல. அங்கயும் கணக்கு அதேதான்: பன்னிக்கு வச்சதுக்கு முன்னாடியும் பின்னாடியும் யார் நடப்பாங்கன்னு பார்க்கல.

ரெண்டு வாரம் கழிச்சு பஸ் ஏறி முத்தியால்பேட்டை போனேன். "மாமா, எனக்கு வேணாம்"னேன். அவர் முகம் வாடிடுச்சு. அவங்க அப்பா வச்சிருந்தது, அறுபது வருஷத்துக்கு மேல இவர் காப்பாத்தினது. என் கணக்கு நோட்டைப் பிரிச்சு, கொல்லையை வரைஞ்சு வச்சிருந்ததைக் காட்டினேன். பரண், பட்டி, ரோடு, பாறை. கண்ணாடியைப் போட்டுக்கிட்டு ரொம்ப நேரம் பார்த்தாரு. பட்டாளத்துக்காரர் இல்லையா, வரைபடம் அவருக்குப் பழக்கம். விரலால மேற்குப் பக்கம் தொட்டு, "இது பாறையா?"ன்னாரு. ஆமான்னேன். "அப்போ சுட இடமே இல்லடா"ன்னாரு. அவ்வளவுதான். அதுக்கு மேல வற்புறுத்தல.

துப்பாக்கியை லைசென்ஸ் உள்ள ஆயுதக் கடையில ஒப்படைக்கிறதா முடிவு பண்ணியிருக்காரு. அவர் இருக்கும்போதே செஞ்சுட்டா நல்லதுன்னு நான்தான் சொன்னேன். லைசென்ஸ்காரர் இறந்த பிறகு துப்பாக்கி வீட்டுல சும்மா கிடந்தா, அது லைசென்ஸ் இல்லாத ஆயுதம். வீட்டுல இருக்கிறவங்க உடனே போலீஸ் ஸ்டேஷன்லயோ ஆயுதக் கடையிலயோ ஒப்படைக்கணும். புதுச்சேரியில பழைய பிரெஞ்சு வீடுகள்ல பரண்ல இந்த மாதிரி எத்தனை இருக்குதோ. பெரியவங்க உயிரோட இருக்கும்போதே கேட்டு, பேப்பரைச் சரி பண்ணி வச்சுக்கங்க.

பன்னிக்கு என்ன பண்ணப் போறேன்னு கேட்பீங்க. சேர்ந்தாப்ல இருக்கிற நாலு கொல்லைக்காரங்களும் சேர்ந்து சோலார் வேலி போடறதா பேசி முடிச்சிருக்கோம். அதுல கரண்டு விட்டு விட்டு, ஒரு நொடிக்கு ஒரு தடவை வெட்டி வெட்டித்தான் வரும். ஷாக் அடிக்கும், உயிர் போகாது. அதுக்கும் தமிழ்நாட்டுல 2023ல விதி வந்திருக்குது, பதிவு பண்ணித்தான் போடணும். பன்னி குட்டையா வர்றதால அடிக் கம்பி தரையிலேர்ந்து ஒரு சாண்தான் இருக்கணும், அதுல புல்லு படாம வெட்டிக்கிட்டே இருக்கணும். இதுதான் அந்த வேலியில பெரிய வேலை. கூடவே, கூண்டு வைக்கச் சொல்லி நாலு பேரும் கையெழுத்துப் போட்டு வனச்சரக அலுவலகத்துல மனு குடுத்திருக்கோம். மனு குடுத்ததுக்கு ரசீது வாங்கி வச்சுக்கங்க, நஷ்டஈடு கேட்கும்போது உதவும். பன்னி தோண்டின அன்னைக்கே போட்டோ எடுத்து, கிராம நிர்வாக அலுவலர்கிட்ட எழுதிக் குடுக்கிறதையும் மறக்காதீங்க.

வேலிக்கு ஆளுக்கு எவ்வளவு ஆச்சு, எது தாங்குது எது தாங்கலங்கிறதை அறுவடை முடிஞ்சதும் கணக்கோட எழுதறேன்.